கடித்த பிறகு அது யார் வீட்டு நாய்?

கடலூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், கோடி வீட்டு வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். பெயர் மணி. பெயர் வைத்தது அந்த வீட்டார்தான். ராத்திரி மிச்சச் சோற்றில் மீன்குழம்பு பிசைந்து வைப்பதும் அவர்கள்தான். புது முகம் தெருவுக்குள் வந்தால் மணி குரைத்துத் தீர்த்துவிடும். "மணி இருக்கும்போது வாட்ச்மேன் எதுக்கு?" என்று அந்த வீட்டுப் பெரியவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், பள்ளி லீவுக்கு வந்திருந்த என் தங்கை மகனை அதே மணி கெண்டைக்காலில் கடித்தது. பையனுக்கு ஏழு வயது. பந்து எடுக்க ஓடியவன். அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஊசி போட்டு, வீட்டில் படுக்க வைத்துவிட்டுப் போய்க் கேட்டேன். அந்த வீட்டு அம்மா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "அது எங்க நாய் இல்ல தம்பி. தெருநாய். பாவமேன்னு சோறு போடுறோம், அவ்வளவுதான்."

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு சட்டப் புத்தகத்தைப் புரட்டியும், வக்கீல் நண்பர்களையும் மருத்துவர்களையும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் நாய் என்றால் வீட்டு நாய், தெருநாய் என்று இரண்டே வகை என்பது போலப் பேசுகிறோம். நடைமுறையில் நம்மைச் சுற்றி இருப்பவற்றில் பல, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மணி போன்ற நாய்கள். டீக்கடை வாசலில் பொறைக்குக் காத்திருப்பது, முதுநகர் மீன் இறங்குதளத்தில் படகுக்காரர்கள் தூக்கிப் போடும் மீனில் வளர்வது, வைத்திக்குப்பத்திலும் குருசுக்குப்பத்திலும் குறிப்பிட்ட ஒரு வீட்டுத் திண்ணையை விட்டு நகராதது. தேய்பிறை அஷ்டமியில் பைரவரை நினைத்துச் சோறு வைப்பவர்களும் உண்டு. சோறு போடும்போது இவை நம் நாய்கள். கடித்ததும் நகராட்சி நாய்கள் ஆகிவிடுகின்றன.

சட்டம் பேசுவதற்கு முன் உயிரைப் பேசிவிடலாம், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் முதல் பத்து நிமிடம் வீணானது. பக்கத்து வீட்டுப் பாட்டி காப்பித்தூளை எடுத்து வந்து காயத்தில் அப்பிவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவுமே நாய்க்கடியில் படக்கூடாது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. அந்த உறையைச் சாதாரணத் துணி சோப்பே கரைத்துவிடும். 15 நிமிடம் என்பது அழுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நீண்ட நேரம்; கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள்.

அப்புறம் ஊசி. அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடித்த அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தவணை, இரண்டு கைகளிலும் தோலுக்குள் போடுவார்கள். தசையில் போடும் முறை என்றால் நடுவில் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து ஊசி. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் காவல் நிற்பது இந்த இம்யூனோகுளோபுலின்தான். மருத்துவர் சொல்ல மறந்தாலும் நீங்கள் வாய்விட்டுக் கேளுங்கள். காயத்தைத் தையல் போட்டு மூடவும் அவசரப்படக் கூடாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் நம் ஊர்ப் பெரியவர்களிடம் இன்னமும் இருக்கிறது. அது பொய்யில்லை, பழைய கதை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தத் தடுப்பு மருந்தைத்தான் ஒரு காலத்தில் நாடு முழுக்கப் போட்டார்கள்; வலியும் அதிகம், சிலருக்கு நரம்புக் கோளாறும் வந்தது. 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உட்பட எல்லா இடத்திலும் இப்போது செல் வளர்ப்பு முறைத் தடுப்பூசிதான். அந்தப் பயத்தால் ஊசியைத் தள்ளிப் போடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், கையில் போடும் சின்ன ஊசி என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். ரேபிஸ் அறிகுறி ஒருமுறை தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழி இல்லை என்பதே மருத்துவ உலகின் அனுபவம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். தமிழ்நாட்டில் மட்டும் 2024-இல் சுமார் 4.8 லட்சம் பேர் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற்றார்கள், 43 பேர் ரேபிஸால் இறந்தார்கள். அத்தனையும் தடுத்திருக்கக் கூடிய சாவுகள் என்பதுதான் தாங்க முடியாதது.

எல்லைக் கணக்கும் நம் பக்கத்தில் குழப்பும். பாகூர் பக்கம் ஒருவர் கடிபடுவார், வீடு கடலூரில் இருக்கும். முதல் ஊசி ஜிப்மரிலோ புதுச்சேரி இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலோ போட்டிருந்தாலும் அடுத்த தவணையைக் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் தொடரலாம். அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். 'அங்கே போட்டதை இங்கே தொடர முடியுமோ' என்று தயங்கி ஒரு தவணையைக் கூட விட்டுவிடக் கூடாது.

கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். பத்தாம் நாளும் அது நன்றாகச் சாப்பிட்டு நடமாடினால், கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொன்றுவிடுகிறவர்கள் இந்த ஒரே தடயத்தையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறார்கள். விலங்கைக் கொல்வதும் முடமாக்குவதும் இன்றைய சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பது தனி.

மணியையும் கட்டிவைக்க வேண்டியிருந்தது. தெருவில் நாலு பேர் முயன்றோம், ஒருவரிடமும் அது கழுத்தைக் கொடுக்கவில்லை. கடைசியில் அந்த வீட்டுப் பெரியவர் வந்து "மணி, இங்க வாடா" என்றார். வாலை ஆட்டிக்கொண்டு போய் அவர் காலடியில் உட்கார்ந்தது. "எங்க நாய் இல்ல" என்று சொன்ன வீட்டின் கையில்தான் அந்தக் கயிறு இருந்தது.

இங்கேதான் சட்டம் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, விலங்கை வைத்திருப்பவரின் பொறுப்பைப் பேசுகிறது. தன் வசம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ, கொடுங்காயமோ ஏற்பட வாய்ப்பு இருக்கும்போது, அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தே செய்யாமல் விட்டாலும் குற்றம், கவனக்குறைவால் விட்டாலும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289-ஆம் பிரிவாக இருந்தது, அபராதம் 1,000 ரூபாய். நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் போலீசாரே வழக்குப் பதிவு செய்யக் கூடிய குற்றம் இது. 'நாய்க்கடிக்கெல்லாம் கேஸ் போட முடியாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தப் பிரிவில் நான் திரும்பத் திரும்பப் படித்த சொல் 'வசம்'. உரிமையாளர் என்று அங்கே இல்லை. லைசென்ஸ் யார் பெயரில், விலை கொடுத்து வாங்கியது யார் என்பதோடு கேள்வி முடிவதில்லை. நாயின் நடமாட்டம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. போகிற வழியில் ஒருநாள் பிஸ்கட் போட்டவர் வசம் அந்த நாய் இருப்பதாக எந்த நீதிமன்றமும் சொல்லாது. ஆனால் பெயர் வைத்து, தினமும் சோறு போட்டு, வாசலில் படுக்க வைத்து, காவலுக்கும் பயன்படுத்திக்கொள்ளும் வீடு 'தெருநாய்' என்று சொல்லிக் கழன்றுகொள்வது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு வழக்கிலும் இதைச் சாட்சியத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால்தான் யார் கூப்பிட்டால் வருகிறது, யார் வீட்டில் தூங்குகிறது என்பதெல்லாம் முக்கியமாகிறது.

காயம் பெரிதானால் பிரிவுகளும் பெரிதாகும். பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைக்கும் அசட்டைச் செயலால் கொடுங்காயம் ஏற்பட்டால், 125-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கவனக்குறைவால் மரணம் என்றால் 106-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை. கொடுங்காயம் என்பதற்குச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. எலும்பு முறிவு, முகத்தில் நிரந்தர வடு, 15 நாள் கடும் வலியிலோ வழக்கமான வேலையைச் செய்ய முடியாமலோ கிடப்பது எல்லாம் அதில் அடங்கும். முன்பு இந்த நாள் கணக்கு 20 ஆக இருந்தது. குழந்தைகளை நாய் கடிக்கும்போது உயரம் காரணமாக முகமும் கழுத்தும் எளிதில் அதன் வாய்க்கு எட்டிவிடும். ஆகவே குழந்தை கடிபட்ட பல சம்பவங்கள் 'சும்மா ஒரு கடி' என்ற கணக்கில் வரவே வராது.

குற்ற வழக்கு ஒரு பக்கம், நஷ்டஈடு இன்னொரு பக்கம். இந்தியாவில் நாய்க்கடிக்கென்று தனி நஷ்டஈட்டுச் சட்டம் இல்லை. ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் வழியில், நாய் மூர்க்கமானது என்று வளர்ப்பவருக்கு முன்பே தெரியுமா என்று நீதிமன்றம் பார்க்கும். முன்பு ஒருவரைக் கடித்திருக்கிறது, பக்கத்து வீட்டார் எச்சரித்திருக்கிறார்கள் என்றால் தெரியும் என்றுதான் ஆகும். அப்படி முன்கதை எதுவும் இல்லாவிட்டாலும், கேட்டைத் திறந்து போட்டது, கயிறில்லாமல் வெளியே விட்டது போன்ற கவனக்குறைவைக் காட்டி முதல் கடிக்கே நஷ்டஈடு கேட்கலாம். கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று போர்டு மாட்டினால் பொறுப்பு தீர்ந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் போர்டு அவர்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் தெரிகிறது. நாய் கடிக்கும் என்று தெரிந்துதானே எழுதி வைத்தீர்கள்? கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரும், சிலிண்டர் கொண்டுவருகிறவரும், தபால்காரரும் உள்ளே வரத்தான் செய்வார்கள் என்பதும் தெரியும். பெல்லைக் கேட்டிலேயே வைத்து, ஆள் வரும்போது நாயைக் கட்டுவதுதான் ஏற்பாடு.

புதுச்சேரிக்காரர்கள் இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதியைத் தெரிந்துகொள்வது நல்லது. பிரெஞ்சு ஆட்சியில் அங்கே 1819-இல் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1385-ஆம் பிரிவு ரொம்பத் தெளிவாக இருந்தது. ஒரு விலங்கின் சொந்தக்காரரோ, அதைத் தன் உபயோகத்துக்கு வைத்திருப்பவரோ, அது செய்யும் சேதத்துக்குப் பொறுப்பு. விலங்கு அவர் காவலில் இருந்தாலும் சரி, வழிதவறிப் போயிருந்தாலும் சரி, தப்பி ஓடியிருந்தாலும் சரி. 'கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது, நான் என்ன செய்வேன்?' என்பதற்கு அங்கே இடமே இல்லை. முன்பே தெரியுமா, கவனக்குறைவு உண்டா என்ற விசாரணைக்கும் அவசியம் இல்லை. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்த பிறகு, இந்தியக் குற்றவியல் சட்டங்கள் புதுச்சேரிக்கும் வந்தன. பிரான்சில் அந்தப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது, எண் மட்டும் 1243 என்று மாறிவிட்டது. நம் நாட்டில் நாய்க்கடிக்குத் தனிச் சட்டம் எழுதும் நாள் வந்தால், அந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. 'உபயோகத்துக்கு வைத்திருப்பவர்' என்ற சொல் மணியின் வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது.

சரி, நாய் ஏன் கடிக்கிறது? வளர்ப்பவர்களிடம் இதைப் பேசும்போது நான் முதலில் கேட்பது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நாயைக் கட்டி வைக்கிறீர்கள் என்று. காலையில் கட்டி, ராத்திரி அவிழ்த்துவிடும் வீடுகள் நம் பக்கம் நிறைய. பகலெல்லாம் இரண்டடிச் சங்கிலியில் வெயிலில் கிடக்கும் நாய்க்கு அந்த இரண்டடிதான் உலகம். அதற்குள் யார் கால் வைத்தாலும் பாயும். அவிழ்த்துவிட்டதும் தெரு முழுவதையும் அதே கண்ணால் பார்க்கும். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடித்தவற்றில் ஆண் நாய்கள், கருத்தடை செய்யாதவை, முற்றத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டவை அதிகம் இருந்தன. நம் நாட்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே இதைத் தொட்டிருக்கிறது. வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயை அதன் சொந்தக்காரர் நியாயமான அளவுக்கு நடக்கவோ ஓடவோ விடாமல் இருப்பது, அதன் 11-ஆம் பிரிவின்படி கொடுமை. அந்தப் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு பாக்கெட் பிஸ்கட் விலைக்குள் முடிந்துவிடும் அபராதத்துக்கு யார் பயப்படப் போகிறார்கள்?

எந்த இனத்து நாய் என்ற சண்டையில் நான் இறங்க விரும்பவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. 2024 மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின, நாய்க்காரர் கைதானார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்கவில்லை என்று ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெரிய தாடை உள்ள நாயின் ஒரு கடி, நம் ஊர் நாயின் பத்துக் கடிக்குச் சமம் என்பது உண்மை. அப்படிப்பட்ட நாயை வளர்ப்பவருக்கு வாய்மூடியும் கயிறும் கட்டாயம் இருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் கையில் கயிற்றைக் கொடுத்து அனுப்பக் கூடாது. அதே சமயம் ராஜபாளையமும் கோம்பையும் கடிக்காதா என்ன? இனத்தின் பெயரைப் பார்த்து அமைதியாகிவிடுவது ஆபத்து.

வீடே இல்லாத நாய்களுக்கு உள்ளாட்சிதான் பொறுப்பு. கடலூரில் என்றால் 2021-இல் தரம் உயர்ந்த மாநகராட்சி. புதுச்சேரியில் புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி, வெளியே அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று கொம்யூன் பஞ்சாயத்துகள். 2023-இல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, காதில் ஒரு வெட்டு அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 'பிடிச்சுக்கிட்டுப் போய் ஏன் திரும்பக் கொண்டுவந்து விடுறாங்க?' என்பது நம் தெருக்களில் கேட்கும் முதல் கேள்வி. ஒரு தெருவில் நாய்களை மொத்தமாக எடுத்துவிட்டால், குப்பையில் சாப்பாடு இருக்கும் வரை பக்கத்துத் தெரு நாய்கள் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். அவற்றுக்கு ஊசியும் கிடையாது, கருத்தடையும் கிடையாது. நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி இருந்தால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பத்து நாயைப் பிடித்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆறு மாதம் நாய் வண்டியே வராவிட்டால் அந்தக் கணக்கு எப்படி நடக்கும்? முதுநகரில் மீன் கழிவையும், புதுச்சேரி பெரிய மார்க்கெட்டைச் சுற்றிச் சேரும் கறிக்கடைக் கழிவையும் அன்றன்றைக்கு அள்ளாமல் நாய்த் தொல்லையைக் குறைக்க முடியாது.

உச்ச நீதிமன்றமும் 2025-இல் இதற்குள் வந்தது. டெல்லிப் பகுதித் தெருநாய்கள் எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன ஆகஸ்ட் 11-ஆம் தேதி உத்தரவை, மூன்று நீதிபதிகள் அமர்வு ஆகஸ்ட் 22-இல் மாற்றியது. கருத்தடையும் ஊசியும் முடிந்த நாயைப் பழைய இடத்தில் விடலாம். ரேபிஸ் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது. கண்ட இடத்தில் சோறு போடாமல் வார்டுக்கு வார்டு தனி இடம் ஒதுக்க வேண்டும் என்றது. நவம்பர் 7-இல் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலைய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றி, அங்கே மறுபடி விடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. உங்கள் பிள்ளையின் பள்ளி வளாகத்தில் நாய்க் கூட்டம் இருந்தால் இந்தத் தேதியைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுக்கலாம்.

தெருநாய் கடித்தால் நஷ்டஈடு உண்டா? 2023 நவம்பரில் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம், ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்றும், சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டருக்கு 20,000 ரூபாய் என்றும் கணக்குச் சொல்லி, அரசைப் பொறுப்பாக்கியது. அது அந்த மாநிலங்களுக்கு. கேரளத்தில் நஷ்டஈட்டை முடிவு செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவே இயங்கியது. நமக்கு அப்படித் தயாரான வழி இல்லாததால், உள்ளாட்சிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, கிடைக்காவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அதே நீதிமன்றம்தான். செலவுக்குப் பயப்படுகிறவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

புகார் கொடுக்கப் போகும்போது கையில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். கழுவிய கையோடு காயத்தைப் படம் எடுங்கள். ஓ.பி. சீட்டு, ஊசி அட்டை, ஆட்டோச் செலவு வரை எல்லாக் காகிதத்தையும் சேர்த்து வையுங்கள். அதே நாய் முன்பு வேறு யாரையாவது கடித்திருந்தால் அவர் பெயரையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஸ்டேஷனில் வழக்குப் பதியாவிட்டாலும் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் சீட்டு) இல்லாமல் திரும்பாதீர்கள். அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. இன்னும் யாரையும் பெரிதாகக் கடிக்கவில்லை, ஆனால் கேட்டைத் தாண்டித் தாண்டி வருகிறது, குழந்தைகள் நடக்கவே பயப்படுகிறார்கள் என்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆபத்தான விலங்கை அடைத்து வைக்கும்படி அதன் பொறுப்பாளருக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. கடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்பதையும் எழுதிவிடுகிறேன். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழியை முதலில் மறக்கச் சொல்லுங்கள். குரைக்கிற நாயும் கடிக்கும். உடம்பு விறைத்து, வால் அசையாமல் நின்று, உதட்டைத் தூக்கி உறுமினால் அது கடைசி எச்சரிக்கை. அப்போது ஓடக் கூடாது, கண்ணுக்குக் கண் முறைக்கக் கூடாது, கையைத் தொங்கவிட்டு மரம் மாதிரி நிற்க வேண்டும். அது தளர்ந்ததும் மெல்லப் பின்னால் நகர வேண்டும். கீழே விழுந்துவிட்டால் முட்டியை மடக்கிச் சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ள வேண்டும். சாப்பிடுகிற நாய், குட்டி போட்ட நாய், தூங்குகிற நாய் பக்கம் போகவே வேண்டாம், அது சொந்த வீட்டு நாயாக இருந்தாலும். பைக்கைத் துரத்தினால் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விழுவதை விட வேகத்தைக் குறைப்பது நல்லது. வளர்ப்பவர்களுக்கு ஒன்று: உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். அடி வாங்கிப் பழகிய நாய் அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும்.

என் தங்கை மகனுக்கு நான்கு ஊசியும் தேதி தவறாமல் போட்டோம். மணி பத்து நாளும் அந்த வீட்டுத் தூணில் கட்டிக் கிடந்து, பதினோராவது நாள் ஒரு குறையும் இல்லாமல் வெளியே வந்தது. பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்து பையன் காலைப் பார்த்துவிட்டு, கட்டுப் போட்ட செலவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுத்தார். நாங்கள் வழக்குக்குப் போகவில்லை. அடுத்த வருடம் நாய் வண்டி வந்தபோது மணியைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். இப்போது அதன் காதில் ஒரு வெட்டு இருக்கிறது. கழுத்தில் சிவப்புப் பட்டை ஒன்றும் இருக்கிறது. அதைக் கட்டிவிட்டது, "எங்க நாய் இல்ல" என்று சொன்ன அந்த அம்மா.